400 வாட் என்று எழுதியிருந்தால் 400 வாட் கிடைக்குமா?

சுங்கை சிப்புட் பக்கம் பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்திலிருந்து, படிவம் 4 மாணவி ஒருத்தி எங்கள் பள்ளிக்கு வருகிறாள். அவளுடைய பாட்டி அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சில காலம் தோட்டத்து ஸ்டோரிலும் வேலை பார்த்தவர். அறிவியல் காணொளிப் போட்டிக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "ரப்பர் பால் எப்படி உறையுதுன்னு காட்டப் போறேன் சார். பாட்டிக்குப் புரியுற மாதிரி."

ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய புரதச் சவ்வு மூடியிருக்கும். அந்தச் சவ்வில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை நடுநிலையாக்கும். துகள்கள் மோதி, சவ்வு கிழிந்து, உள்ளே இருக்கும் நீண்ட ரப்பர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதைப் பத்து வினாடி முப்பரிமாண அசைவூட்டமாகச் செய்ய வேண்டும். பிளெண்டர் என்ற இலவச மென்பொருள் அவளிடம் இருந்தது. அதை ஓட்ட ஒரு கணினி வேண்டும்.

கணினி அவளுடைய மாமா வழியாக வந்தது. அவர் ஈப்போவில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறார். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-ஐ நிறுவுவதற்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் 2012-ஆம் ஆண்டுச் செயலிகள் இல்லை. அலுவலகம் தன் பழைய பெட்டிகளை ஒதுக்கியபோது அவர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். லினக்ஸ் போட்டதும் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அது சாதாரண மேசைக் கணினி அல்ல, வொர்க்ஸ்டேஷன். பொறியாளர்களும் வரைகலைஞர்களும் நாள் முழுக்கக் கடும் கணக்குகளை ஓட்டுவதற்காகச் செய்யப்படும் வகை. எச்பி இசட்420, டெல் பிரிசிஷன் டி3600 ஆகியவை அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றில் இன்டெல் சியோன் வரிசைச் செயலி இருக்கும். அவள் பெட்டியில் இருந்தது சியோன் இ5-1620. அதில் 4 கருக்கள், வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 130 வாட். இதற்கு இ.சி.சி. என்ற, தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் நினைவகத்தையும் போடலாம். 14 வயதான இயந்திரம்தான், ஆனாலும் இன்று மலிவாகக் கிடைக்கும் சில புது மடிக்கணினிகளைவிட இதன் எலும்பு உறுதியானது என்பேன்.

குறை வரைகலை அட்டையில், அதாவது கிராபிக்ஸ் கார்டில் இருந்தது. உள்ளே இருந்த குவாட்ரோ 600 என்விடியா 2010-இல் வெளியிட்டது. 96 சிறு கருக்கள், 1 கிகாபைட் நினைவகம். இன்றைய பிளெண்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லா வேலையும் செயலியின் தலையில் விழுந்தது. ஒரு படத்தைத் தீட்டி முடிக்க 9 நிமிடம் ஆனது. வினாடிக்கு 24 படம் என்றால் பத்து வினாடிக்கு 240 படம். பெருக்கிப் பாருங்கள்: 2160 நிமிடம், அதாவது 36 மணி நேரம். ஒரு தவறு கண்டுபிடித்தால் மறுபடியும் 36 மணி நேரம்.

"சார், கார்டு மட்டும் மாத்துனா போதும்தானே?" என்று கேட்டாள்.

முதலில் கார்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவர்கள் என்றால் அவர்களிடம் கேளுங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. ஒருவர் தன் நிரையில் சீவுவதற்காக அடுத்தவர் முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செய்யும் வேலை ஒன்றேதான், மரங்கள்தான் வேறு. ஆபீசில் கிராணி ஒருவர் இருப்பார். சம்பளம், கடிதம், அரிசிக் கணக்கு என்று எதைக் கொடுத்தாலும் செய்வார். ஆனால் அவர் ஒருவரே. செயலி அந்தக் கிராணியைப் போல. கிராபிக்ஸ் கார்டு நிரை பிடித்து நிற்கும் கூட்டம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிடும் வேலை நிரை நிரையாகப் பிரிக்கக்கூடியது. அதனால்தான் அங்கே கூட்டம் வெல்கிறது.

ஆனால் கூட்டத்துக்குச் சாப்பாடு போட வேண்டுமே. அதுதான் மின்சாரம்.

ஈப்போவில் யிக் ஃபூங் வளாகத்துக்குப் போயிருப்பீர்கள். கணினி, கைப்பேசிக் கடைகள் நிறைந்த பழைய கட்டடம். அங்கே ஆர்.டி.எக்ஸ். 3060 ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து அவள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். 3584 கருக்கள், 12 கிகாபைட். எத்திரியம் நாணயத்தைக் கார்டுகளை வைத்துத் 'தோண்டும்' முறை 2022 செப்டம்பரில் நின்றபிறகு இப்படிப்பட்ட கார்டுகள் பழைய பொருள் சந்தையில் நிறைய வந்தன. விலை இறங்கியும் அது எங்கள் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டோம். காரணத்தைக் கரும்பலகையிலேயே எழுதிக் காட்டினேன்.

அந்தக் கார்டின் தேவை 170 வாட். செயலிக்கு 130. மதர்போர்டு, நினைவகம், வட்டு, விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 350 வாட். பெட்டியில் இருந்த மின்வழங்கியின் வில்லையில் 400 வாட் என்று எழுதியிருந்தது. 350 என்பது 400-ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். கிராபிக்ஸ் கார்டு எப்போதும் ஒரே சீராக மின்சாரம் இழுப்பதில்லை. ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குத் தன் அளவைத் தாண்டி இழுத்துவிட்டு இறங்கும். அந்த உச்சத்தையும் மின்வழங்கி தாங்க வேண்டும். என்விடியாவே அந்தக் கார்டுக்கு 550 வாட் மின்வழங்கியைப் பரிந்துரைக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. கார்டு செருகப்படும் நீண்ட பள்ளம் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதிலும் 12 வோல்ட் பக்கம் 5.5 ஆம்பியர்தான். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்று படித்திருக்கிறீர்கள்: 12 × 5.5 = 66 வாட். மீதம் 3.3 வோல்ட் பக்கம். 75 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 6 முனைச் செருகி என்றால் மேலும் 75 வாட், 8 முனை என்றால் மேலும் 150. கார்டு வாங்கப் போவதற்கு முன் பெட்டியைத் திறந்து அப்படிப்பட்ட கம்பி எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போங்கள்.

நாங்கள் வாங்கியது ஜி.டி.எக்ஸ். 1650. 2019-இல் வந்தது, 896 கருக்கள், 4 கிகாபைட், 75 வாட். பள்ளத்திலிருந்து கிடைப்பதே அதற்குப் போதும். கடைக்காரர் அதே விலைக்கு ஜி.டி.எக்ஸ். 1060 ஒன்றைக் காட்டினார். அது கருக்களில் கூடுதல், ஆனால் 120 வாட். அதோடு 2016-ஆம் ஆண்டுத் தலைமுறைக் கார்டு, மென்பொருள் ஆதரவு முடிகிற கட்டத்தில் இருந்தது. கரு எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது, பக்க எண்ணிக்கையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவது மாதிரி. கணக்குப்படி 130 + 75 + 50 = 255 வாட். 400-இல் இன்னும் நிறைய மீதி. நிம்மதியாகப் பொருத்தினோம்.

ஒரு படம் 3 நிமிடத்தில் முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செயலியும் கார்டும் சேர்ந்து வேலை செய்யும்படி பிளெண்டரில் ஒரு தேர்வு இருக்கிறது. இன்னும் வேகம் கிடைக்குமே என்று அதையும் போட்டாள். இருபது நிமிடம் ஓடியது. பிறகு திரை கறுத்து, விசிறி நின்று, பெட்டி அணைந்துபோனது. மறுபடி ஏற்றினால் எதுவும் நடக்காததுபோல் எழுந்தது. மறுபடி இரண்டையும் ஓட்டினால் மறுபடி அணைந்தது.

கணக்கு சரி, கருவி ஒத்துழைக்கவில்லை. இது அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவளுக்கு அல்ல. போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

முதலில் சுவரில் செருகும் திறன்மானியை வைத்தோம். செயலி மட்டும் ஓடும்போது 180 வாட். கார்டு மட்டும் என்றால் 160. இரண்டும் என்றால் 250. இந்த 250 சுவரிலிருந்து உள்ளே போவது. மின்வழங்கி இதில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிட்டு மீதியைத்தான் கணினிக்குத் தரும். 88 விழுக்காடு பயனுறுதிறன் என்று வைத்தால் கணினிக்குப் போனது 220 வாட். வில்லையில் எழுதும் 400 வாட் என்பது வெளியே தரக்கூடிய அளவு. ஆக, 400 தருவதாகச் சொல்லும் கருவி 220-ஐத் தரும்போதே நின்றுவிட்டது.

பிறகு பல்மானியை எடுத்தேன். வட்டுக்குப் போகும் உபரிச் செருகி ஒன்றில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், கறுப்பு புவித்தொடுப்பு. சும்மா இருக்கும்போது 12.0 காட்டியது. கார்டு மட்டும் ஓடினால் 11.7. இரண்டும் ஓடும்போது எண்கள் மெல்ல இறங்கி 11.2-ஐத் தொட்டதும் கணினி அணைந்தது. 12 வோல்ட் தடத்தில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் அனுமதி. 12-இல் 5 விழுக்காடு 0.6. அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. கீழே போனதால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைத்துக்கொண்டது. கெட்டுப்போகவில்லை, ஒழுங்காக நடந்துகொண்டது.

ஏன் இறங்கியது? மின்வழங்கிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் புரியும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். 230 என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சம் அதைவிட 1.414 மடங்கு, ஏறத்தாழ 325 வோல்ட். முதலில் அதை நேர்திசையாக்கி ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்க்கிறார்கள். பிறகு அதை டிரான்சிஸ்டர்களால் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறு மின்மாற்றிக்கு அனுப்புகிறார்கள். அதிர்வெண் கூடக்கூட மின்மாற்றி சிறிதாக இருந்தால் போதும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் 50 ஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய மின்மாற்றியைத் தூக்கிப் பாருங்கள், வித்தியாசம் தோளுக்குத் தெரியும். கடைசியில் 12 வோல்ட்டாக இறக்கி மறுபடியும் நேர்திசையாக்கி, மேடுபள்ளத்தை வேறு மின்தேக்கிகளால் நிரவுகிறார்கள்.

இந்த மின்தேக்கிகளுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வெப்பத்தில் அது வருடக்கணக்கில் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர் வெயிலில், தூசி அடைத்த விசிறியோடு, ஒரு டஜன் ஆண்டுக்கு மேல் அலுவலகத்தில் உழைத்த கருவி அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். பல்மானி காட்டுவது சராசரியைத்தான். நிரவப்படாத மேடுபள்ளத்தைக் கண்ணால் காண அலைகாட்டி வேண்டும். எங்களிடம் அது இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் அளந்தது வெளியே வரும் 12 வோல்ட் கம்பியில். மின்வழங்கியின் இரும்புக் கூட்டைத் திறக்கவில்லை, நீங்களும் திறக்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கார்டு மாற்றும்போதுகூட மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்சத்தை வடித்துவிட்டு, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

புது மின்வழங்கி வாங்குவதில் இன்னொரு சிக்கல். பொதுவான மேசைக் கணினிகளில் மதர்போர்டுக்குப் போகும் முதன்மைச் செருகிக்கு 24 முனை. பெரிய நிறுவனங்களின் வொர்க்ஸ்டேஷன்களில் பல இந்தப் பொது அளவைப் பின்பற்றுவதில்லை. எச்பி இசட்420-இல் அது 18 முனை. எங்கள் பெட்டியிலும் கடையில் அடுக்கியிருந்த எதுவும் பொருந்தவில்லை. மாற்றிக் கம்பி விற்கிறார்கள். அதற்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சரிபார்க்கத் தெரியாதவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு முனை மாறினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும்.

மலிவான பெயர் தெரியாத மின்வழங்கி பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது '500 வாட்' என்று பளபளப்பாக ஒட்டியிருந்த ஒன்றை வாங்கினேன். கையில் எடுத்தபோதே எடை இல்லை. வெப்பம் கடத்தும் அலுமினியமும் செம்புச் சுருளும் உள்ளே போதுமான அளவு இருந்தால் எடை இருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் மாதம் பொசுங்கிய மீன் வாடை. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது.

கடைசியில், அதே வகைப் பெட்டிக்காகவே செய்த 600 வாட் மின்வழங்கி ஒன்று பழைய பொருள் கடையில் கிடைத்தது. கார்டையும் இதையும் சேர்த்து எங்கள் கையில் இருந்த 400 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. வாங்கும் முன் கடையிலேயே ஓடவிட்டு 12 வோல்ட் தடத்தை அளந்தோம். கடைக்காரர் சிரித்தார், ஆனால் இடம் கொடுத்தார்.

பழைய மின்வழங்கியை வெளியே எடுத்தபோது அதிலிருந்து வந்த தடித்த மஞ்சள் கம்பிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் சார் இவ்வளவு தடிப்பு? சுவர்ல வர்ற வயர் இதைவிட மெலிசா இருக்கே?" என்றாள். அருமையான கேள்வி. 220 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுபோனால் மின்னோட்டம் ஏறத்தாழ 18 ஆம்பியர். சுவரிலிருந்து 230 வோல்ட்டில் 250 வாட் வரும்போது 1 ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதல்தான். கம்பி சூடாவது மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. 18 ஆம்பியரை மெல்லிய கம்பியில் அனுப்பினால் உறை உருகும். இன்று அந்த உறை பி.வி.சி. பிளாஸ்டிக். பழைய வீடுகளில் அது ரப்பர். கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரைச் செம்புக் கம்பியின் மேல் பூசித்தான் உலகம் வெகுகாலம் தன் வீடுகளுக்கு மின்சாரம் இழுத்தது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து பக்கம்தான், போய்ப் பாருங்கள். தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் மட்டும் விளக்கு எரிந்த லயத்து வீடுகளில் இருந்தவர்கள் சீவிய பால்தான், யார் யார் வீட்டுக் கம்பிக்கெல்லாமோ உறையானது.

புது மின்வழங்கியில் இரண்டையும் ஓட்டினோம். 12.0, 11.9, 11.9. எண் அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பல்மானியை அணைத்தேன்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. கார்டு சேர்த்தால் மின்கட்டணம் ஏறும் என்று அவளுடைய அம்மா கவலைப்பட்டார். நாம் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். முன்பு: 180 வாட், 36 மணி நேரம். 6.48 கிலோவாட் மணி. கார்டு மட்டும் ஓடும்போது: 160 வாட், 12 மணி நேரம். 1.92 கிலோவாட் மணி. மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு! செயலியையும் சேர்த்து ஓட்டினால் ஒரு படத்துக்கு இரண்டரை நிமிடம். 10 மணி நேரம், 250 வாட், 2.5 கிலோவாட் மணி. இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது, மின்சாரம் சற்றுக் கூடுகிறது. நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அவள் கார்டை மட்டும் ஓட்டினாள்.

செயலிழந்த பழைய மின்வழங்கியைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. மின்னணுக் கழிவுக்கு நம் நாட்டில் எஸ்.டபள்யூ. 110 என்று தனிக் குறியீடே உண்டு, அது அட்டவணையிடப்பட்ட கழிவு. அதற்கென்று உள்ள சேகரிப்பு இடத்தில் கொடுத்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஓடவிட்டாள். சனிக்கிழமை காலையில் பத்து வினாடியும் தயார். வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன, அமிலம் விழுகிறது, அடுத்த நொடியே எல்லாம் கட்டியாகின்றன. பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். பாட்டி இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஆசிட் ஊத்துன உடனே இப்படிக் கட்டியாகாதும்மா. கலக்கணும், மேல வர்ற நுரையை எடுக்கணும், அப்புறம் விட்டுட்டுப் போயிடணும். நேரமாகும்."

திங்கட்கிழமை என்னிடம் வந்து, "மறுபடியும் 12 மணி நேரம் சார்" என்றாள். 36 என்று சொல்லவில்லை.